இரண்டு முறை அஸ்தமித்த புதன்கிழமை

அக்டோபர் 28, செவ்வாய் – சிங்கப்பூர்

நாளை இரவு சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்குப் புறப்படுகிறேன். இடையில் எங்கும் இறங்காத விமானம். அட்டவணை போட்டு இயங்கும் பயணிகள் விமானச் சேவைகளில் இன்றைக்கு உலகிலேயே மிக நீளமானது இதுதான். எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "பதினைந்தாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பதினெட்டு மணி நாற்பது நிமிடம்" என்று ஒப்பித்துக்கொண்டிருந்தேன். பெட்டியை மூடிய பிறகுதான் அந்த இரண்டு எண்களும் எங்கிருந்து வந்தன என்று பார்க்கத் தோன்றியது.

முதலில் தூரத்தை எடுத்துக்கொள்கிறேன். சாங்கி விமான நிலையம் வடக்கு அட்சரேகை 1.36 பாகையிலும் கிழக்குத் தீர்க்கரேகை 103.99 பாகையிலும் இருக்கிறது. நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையம் வடக்கு 40.64, மேற்கு 73.78. இரண்டு தீர்க்கரேகைகளையும் கூட்டினால் 177.77 பாகை வருகிறது. அதாவது 180க்கு இரண்டேகால் பாகைதான் குறைவு. சுவரில் மாட்டிய தட்டையான உலகப்படத்தில் நியூயார்க் நமக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்று கண் தடுமாறுகிறது. உருண்டையை எடுத்து இரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால், நூல் இடமும் போகாமல் வலமும் போகாமல் நேரே மேலே ஏறி, வட துருவத்தை ஏறக்குறைய உரசிக்கொண்டு, மறுபக்கம் இறங்குகிறது. உருண்டையின் மேல் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழியான அதைத்தான் பெருவட்டப் பாதை என்கிறார்கள்.

வழி துருவத்தை ஒட்டிப் போவதால் கணக்கு பள்ளிக்கூடத்துக் கூட்டலாகச் சுருங்கிவிடுகிறது. சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.64 பாகை, துருவத்திலிருந்து கென்னடிக்கு 49.36 பாகை, ஆக மொத்தம் 138 பாகை. ஒரு பாகைக்கு அறுபது கலை, ஒரு கலைக்கு ஒரு கடல் மைல் என்பதால் 8,280 கடல் மைல். கடல் மைலுக்கு 1.852 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 15,335 கிலோமீட்டர். இந்தத் தடத்துக்குப் பொதுவாகக் குறிப்பிடப்படும் தூரம் 15,349. பூமி சரியான உருண்டையாக இல்லாமல் துருவங்களில் சற்றே தட்டையாக இருப்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மிச்சமுள்ள பதினான்கு கிலோமீட்டருக்கு முக்கியக் காரணம் அதுதான். துருவத்துக்கு மிக அருகே நூல் செல்லும் இடத்தையும் கணக்கிட்டுப் பார்த்தேன். துருவப் புள்ளியிலிருந்து ஏறத்தாழ 280 கிலோமீட்டர்.

பூமியின் மேல் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்க முடியாது. அதைத் தாண்டினால் மறுபக்கமாக வருவதே கிட்டமாகிவிடும். அந்த வகையில் பார்த்தால், ஒரு நகரம் இன்னொன்றிலிருந்து விலகியிருக்கக்கூடிய உச்ச தூரத்தில் முக்கால் பங்குக்கும் மேல் நாளை ஒரே மூச்சில் கடக்கப்போகிறேன்.

இனி நேரம். விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் என்று வைத்து வகுத்தால் பதினேழு மணி நேரம்தான் வருகிறது. மீதி ஒன்றரை மணிக்கும் மேலான நேரம் எங்கே போகிறது என்பதை வழியில் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 29, புதன் – சாங்கி, இரவு

மாலை ஏழு மணிக்குச் சற்று முன் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுத்தான் விமான நிலையத்துக்குக் கிளம்பினேன். இதை எழுதி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது; நாளைக்குச் சொல்கிறேன்.

இந்தத் தடத்தில் பறப்பது ஏர்பஸ் ஏ350-900 விமானத்தின் மிக நீண்ட தூர வகை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் இவ்வகையில் ஏழு விமானங்கள் உள்ளன. சாதாரண ஏ350-900 விமானத்தில் 1,41,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். இதில் 1,65,000 லிட்டர். முழுதாக நிரப்பினால் எரிபொருளின் எடை மட்டும் ஏறத்தாழ 130 டன், புறப்படும்போது விமானத்துக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையோ 280 டன். அதாவது, ஓடுபாதையில் ஓடத் தொடங்கும்போது கிட்டத்தட்டப் பாதி எடை எரிபொருளாகவே இருக்கும். எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகும் என்பதுதான் நெடுந்தூரப் பறத்தலின் பெரிய சங்கடம். முதல் மூன்று மணி நேரத்தில் எரிவதில் கணிசமான பங்கு கடைசி மூன்று மணி நேரத்துக்கு உரியதைத் தூக்கிச் செல்வதற்காகவே எரிகிறது.

ஆகவே மற்ற எடைகளைக் குறைக்கிறார்கள். இந்த விமானத்தில் இருக்கைகள் 161 மட்டுமே. சாதாரண எகானமி வகுப்பு என்று ஒன்று கிடையாது. பிசினஸ் வகுப்பில் 67, பிரீமியம் எகானமியில் 94. வசதிக்காகச் செய்த ஏற்பாடு போலத் தெரிந்தாலும் அடிப்படையில் இது எடைக்கான ஏற்பாடு. விமானிகள் நால்வர்; முறை வைத்து ஓய்வெடுத்துக்கொண்டு ஓட்டுவார்கள்.

இந்த வழிக்கு ஒரு முன்கதையும் உண்டு. 2004ஆம் ஆண்டு ஜூனில் இதே நிறுவனம் நான்கு எஞ்சின் கொண்ட ஏ340-500 விமானத்தை வைத்து, நியூயார்க்கை அடுத்துள்ள நெவார்க்குக்கு நேரடிச் சேவையைத் தொடங்கியது. எரிபொருள் விலை ஏறியதில் நான்கு எஞ்சின்களுக்குக் கட்டுப்படியாகாமல் 2013 நவம்பரில் அது நின்றுபோனது. ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின், 2018 அக்டோபர் 11 அன்று இரண்டே எஞ்சின் கொண்ட இந்தப் புதிய வகையோடு நெவார்க் சேவை மீண்டது. 2020 நவம்பரில் கென்னடி நிலையமும் சேர்ந்துகொண்டது. இரு நகரங்களும் இருந்த இடத்திலேயே இருக்க, தூரம் கைக்கெட்டுவதும் எட்டாமற்போவதும் எஞ்சினின் சிக்கனத்தைப் பொறுத்து மாறியிருக்கிறது. சிட்னியிலிருந்து லண்டனுக்கு, சுமார் 17,000 கிலோமீட்டர், நேரடி விமானம் விடும் ஏற்பாடும் நடந்துகொண்டிருக்கிறது. அது வந்ததும் இந்தத் தடத்தின் முதலிடம் போய்விடும்.

பக்கத்து இருக்கையில் மகளைப் பார்க்கப் போகும் ஒரு முதிய அம்மா அமர்ந்திருக்கிறார். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, அங்கே போனதும் கைக்கடிகாரத்தை எவ்வளவு திருப்பி வைக்கணும்?"

நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒன்றும் திருப்ப வேண்டாம் அம்மா" என்றேன். அவர் நம்பவில்லை. இப்போது நியூயார்க்கில் கோடைக்கால நேரம் நடப்பதால் சிங்கப்பூருக்கும் அதற்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். முள் கடிகாரத்துக்குக் காலை எட்டும் ஒன்றுதான், இரவு எட்டும் ஒன்றுதான். "அப்போ மாத்திரை?" என்றார். காலை எட்டு, இரவு எட்டு, பன்னிரண்டு மணி இடைவெளி தப்பக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அதற்கும் முள்ளைத் தொட வேண்டாம், எட்டு காட்டும்போதெல்லாம் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கு என் கணக்கின் மேலேயே மரியாதை கூடியது.

11.35க்கு விமானம் நிறுத்துமிடத்திலிருந்து பின்னோக்கி நகர்ந்தது. 11.52க்குத் தரையை விட்டது. நேற்றைய கணக்கில் காணாமற்போன நேரத்தில் பதினேழு நிமிடம் இங்கேயே கிடைத்துவிட்டது. அட்டவணையில் போடும் பயண நேரம் பறக்கும் நேரம் அன்று. சக்கரக்கட்டையை எடுப்பது முதல் மறுபடி வைப்பது வரை உள்ள நேரம். விமானத் துறையில் அதைப் பிளாக் டைம் என்பார்கள்.

அக்டோபர் 30, வியாழன் – வானிலும், பிறகு நியூயார்க்கிலும்

திரையில் ஓடும் வரைபடத்தைப் பார்த்தபோது முதல் ஏமாற்றம். நான் நூல் பிடித்துப் பார்த்த வழி தாய்லாந்து, சீனா, மங்கோலியா, சைபீரியா என்று நேர் வடக்கே போனது. விமானமோ வடகிழக்கே திரும்பித் தென்சீனக் கடல் மேல் சென்று, தைவானைத் தாண்டி, ஜப்பானின் தென்கரையை நோக்கிப் போனது.

துருவ வழியை விட்டுவிடுவதற்குக் காரணங்கள் பல. 2022 முதல் பல நாட்டு விமான நிறுவனங்கள் ரஷ்ய வான்பரப்பைத் தவிர்த்து வருகின்றன; சைபீரியாவைத் தாண்டாமல் சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு நேர் வழி கிடையாது. அந்தத் தடை இல்லாத காலத்திலும் துருவ வானம் எளிதானதன்று. விமான எரிபொருளான ஜெட் ஏ-1 மைனஸ் 47 பாகை செல்சியஸில் உறையத் தொடங்கும் என்பதால் வெளிக்குளிர் எரிபொருளை எவ்வளவு குளிர்விக்கிறது என்று கண் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பூமத்திய ரேகைக்கு மேல் நிற்கும் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்கள் துருவத்தை நெருங்க நெருங்க அடிவானத்துக்குக் கீழே போய்விடும். ஒரு எஞ்சின் நின்றால் இறங்குவதற்கு இடம் வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. ஏ350 வகைக்கு, மாற்று விமான நிலையத்திலிருந்து ஒற்றை எஞ்சினில் 370 நிமிடப் பறப்பு தூரம் வரை விலகிச் செல்ல 2014லேயே ஐரோப்பிய அமைப்பு அனுமதி அளித்துவிட்டது என்றாலும், இறங்கிய பின் பயணிகளைத் தங்கவைக்கவும் ஓர் இடம் இருக்க வேண்டுமே.

ஆனால் இவற்றையெல்லாம் விடப் பெரிய காரணம் காற்று. நடுவானில், ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஜெட் காற்றோட்டம் உண்டு. குளிர்காலத்தில் அது வலுக்கும். ஜப்பானுக்கு மேலே உலகிலேயே மிக வலுவாக இருக்கும் இடங்களில் ஒன்று. மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் நாட்களும் உண்டு. ஜப்பானிய வானிலை அறிஞர் ஓயிஷி வசாபுரோ 1920களிலேயே பலூன்களைப் பறக்கவிட்டு இதைக் கண்டறிந்தார். உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்று எண்ணி அவர் அந்த முடிவுகளை எஸ்பெரான்டோ மொழியில் வெளியிட, உலகத்தில் ஏறக்குறைய யாருமே படிக்காமற்போனார்கள். இரண்டாம் உலகப் போரில் உயரே பறந்த குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் மாட்டிக்கொண்ட பிறகுதான் அது பரவலாகத் தெரியவந்தது.

ஜப்பானை ஒட்டி நாங்கள் அந்த ஓட்டத்துக்குள் நுழைந்தபோது திரையில் தரைவேகம் 910, 980, 1,040 என்று ஏறி, கடைசியில் 1,100ஐத் தொட்டு நின்றது. விமானம் தன்னளவில் வேகத்தைக் கூட்டவே இல்லை. அது ஒலியின் வேகத்தில் 85 விழுக்காட்டில்தான், அதாவது அந்தக் குளிரில் மணிக்குச் சுமார் 905 கிலோமீட்டரில்தான், காற்றைக் கிழித்துக்கொண்டிருந்தது. காற்றே இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. ஓடும் ரயிலுக்குள் நடப்பவனின் வேகம் மாதிரி. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளச் சொன்னவர்கள் களத்துமேட்டை நினைத்துச் சொன்னார்கள். பறப்புத் திட்டம் போடுகிறவர்களுக்கு அது தினசரி வேலை.

இதற்காக எத்தனை கிலோமீட்டர் சுற்றுகிறோம் என்பது கடைசியில் தெரிந்தது. இறங்கும்போது திரை காட்டிய மொத்தத் தூரம் சுமார் 16,600. பெருவட்டப் பாதையைவிட 1,250 கிலோமீட்டர் அதிகம். காற்று சராசரியாக நூறு கிலோமீட்டர் வேகத்தில் துணைக்கு வந்தால் இந்தத் தூரத்துக்குப் பதினாறரை மணி நேரம் போதும். இதே வழியில் இதே காற்றை எதிர்த்து வந்தால் இருபதரை மணி நேரம் ஆகும். தூரம் ஒன்று, நேரத்தில் நான்கு மணி வித்தியாசம். 'அ' ஊருக்கும் 'ஆ' ஊருக்கும் விமானப் பயண நேரம் இவ்வளவு என்று தூரத்தை வேகத்தால் வகுத்துக் கொடுக்கும் பட்டியல்களை நான் இனி அவ்வளவாக நம்பப்போவதில்லை.

இப்போது சூரியன் கதை. புறப்பட்டு ஐந்து மணி நேரத்தில், என் கடிகாரம் ஐந்தைக் காட்டியபோது, வலப்புற ஜன்னல்களுக்கு முன்பக்கமாக விடிந்தது. ஜப்பானுக்குத் தெற்கே வியாழக்கிழமைக் காலை. நாங்கள் சூரியனை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்ததால் அது அவசரமாக மேலேறியது. எட்டு மணிக்குப் பக்கத்து அம்மா மாத்திரை போட்டுக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே ஏறக்குறைய நண்பகல். ஒன்பது மணியளவில் 180ஆம் தீர்க்கரேகையை ஒட்டிய சர்வதேசத் தேதிக் கோட்டைக் கடந்தோம். கடந்த கணத்தில் வெளியுலகம் வியாழனிலிருந்து புதனுக்குத் திரும்பிவிட்டது.

"தம்பி, இப்போ என்ன கிழமை?" என்று அம்மா கேட்டார். "சிங்கப்பூரில் வியாழன், நியூயார்க்கில் புதன் இரவு, நமக்குக் கீழே புதன் மத்தியானம்" என்றேன். "புதன்தான் நேத்தே முடிஞ்சிடுச்சே" என்றார். முடிந்துதான் இருந்தது. ஆனால் பதினொன்றேகால் மணி வாக்கில், அலாஸ்காவுக்குத் தெற்கே எங்கேயோ, எங்களுக்குப் பின்னால் சூரியன் சிவந்து மறைந்தபோது அது சட்டப்படி அக்டோபர் 29, புதன்கிழமையின் அஸ்தமனம். சாங்கிக்குக் கிளம்பும் முன் நான் பார்த்ததும் அதே புதன்கிழமையின் அஸ்தமனம். இடையில் ஆறு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக ஒரு பகல் வந்துபோனது. அந்தப் பகல் வியாழனாகத் தொடங்கிப் புதனாக முடிந்தது.

பிறகு நீண்ட இருட்டு. கனடாவின் மேற்குக் கரை, பிறகு பெருஞ்சமவெளிகள், பிறகு பேரேரிகள். எரிபொருள் எரிந்து எடை குறையக் குறைய விமானம் படிப்படியாக மேலேறிக்கொண்டிருந்தது. தொடக்கத்தில் முப்பத்தோராயிரம் அடியில் இருந்தது இப்போது நாற்பதாயிரத்தை எட்டியிருந்தது. எடை மிகுந்திருக்கும்போது ஏற முடியாத உயரம் அது. உயரே மெல்லிய காற்றில் எரிபொருளும் குறைவாகவே செலவாகும். இந்தப் பத்து மணி நேர மாடிப்படியைப் பயணிகள் யாரும் உணர்வதில்லை.

அதிகாலை 5.22க்குச் சக்கரம் தரையைத் தொட்டது. 5.45க்கு நிறுத்துமிடம். ஆக, பறந்தது பதினேழரை மணி நேரம், பிளாக் டைம் பதினெட்டு மணி பத்து நிமிடம். அட்டவணையைவிட அரைமணி முன்னதாக. காற்று நல்ல மனநிலையில் இருந்திருக்கிறது. அம்மாவின் கடிகாரமும் 5.45 காட்டியது. அவர் அதை என் முன் நீட்டிக் காட்டிச் சிரித்துவிட்டு, சக்கர நாற்காலியில் ஏறிப் போனார்.

நகருக்குள் வந்து 7.20க்குச் சற்றுப் பின் வியாழக்கிழமையின் சூரியோதயத்தைப் பார்த்தேன். இன்றைக்கு இரண்டாவது முறை.

அக்டோபர் 31, வெள்ளி – நியூயார்க்

எழுத அதிகம் இல்லை. பகல் இரண்டு மணிக்கு உடல் நள்ளிரவு என்று சொல்கிறது. பயணக் களைப்பு ஒரு தூக்கத்தில் போய்விடும், இது வேறு. வடக்கே தெற்கே எத்தனை தூரம் பறந்தாலும் வராதது, தீர்க்கரேகைகளைக் கடந்தால் மட்டும் வருவது. உடலின் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும் என்பார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு நாட்கள் வேண்டும். நான் இருக்கப்போவதோ ஐந்து நாட்கள். கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை என்று பெருமையாகச் சொன்னவனுக்கு இதுதான் பரிசு.

நவம்பர் 2, ஞாயிறு – நியூயார்க்

நேற்று எழுதவில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியாது. இன்று இந்த ஊரில் இருபத்தைந்து மணி நேரம்.

அமெரிக்காவில் நவம்பர் மாதத்து முதல் ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணிக்குத் திருப்பி வைக்கிறார்கள். கோடைக்கால நேரம் முடிந்தது. உறக்கம் வராமல் விழித்திருந்ததால் கைபேசியில் 1.59க்குப் பின் 1.00 வந்ததை நேரிலேயே பார்த்தேன். சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையே நேற்று வரை பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். இன்று முதல் பதின்மூன்று. இரண்டு நகரங்களில் எதுவும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

எது உண்மையான வித்தியாசம்? சூரியனைக் கேட்டால், 177.77 பாகையைப் பதினைந்தால் வகுக்கச் சொல்லும். பதினொரு மணி ஐம்பத்தொரு நிமிடம். குளிர்கால நியூயார்க் 75ஆவது மேற்குத் தீர்க்கரேகையின் நேரத்தைப் பின்பற்றுகிறது. ஊரும் அதன் மேலேயே ஏறத்தாழ இருப்பதால் கடிகாரமும் சூரியனும் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாதது சிங்கப்பூர்தான். 104 பாகையில் இருக்கும் ஊருக்கு இயல்பாக கிரீன்விச்சைவிட ஏழு மணி நேரம் முன்னதான நேரம் போதும். ஆனால் 1982 ஜனவரி 1 அன்று மலேசியாவோடு சேர்ந்து சிங்கப்பூரும் அரைமணி முன்னே தள்ளி, எட்டு மணி நேரம் முன்னதான நேரத்துக்கு மாறியது. அதனால்தான் பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே இருந்தும் அங்கே ஏழு மணியை ஒட்டி விடிகிறது. பதின்மூன்றில் அரைமணி நேரம் அந்த முடிவுக்குச் சொந்தம்.

இதில் பயணிக்கு நேரடியாக உறைக்கும் விஷயம், பயணச்சீட்டில் உள்ள புறப்பாடு, வருகை நேரங்களைக் கழித்துப் பயண நேரத்தைக் கண்டுபிடிக்க முயன்றால் இந்த வாரத்தில் தவறிப்போகும் என்பது. ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் அன்றைய நேரம். நான் போனபோது பன்னிரண்டைக் கூட்ட வேண்டும்; திரும்பும்போது பதின்மூன்றைக் கழிக்க வேண்டும். இரண்டையும் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழிப்பதே பிழையில்லாத வழி.

அந்த அம்மாவை நினைத்துக்கொண்டேன். இன்று முதல் அவர் கடிகாரத்தை ஒரு மணி நேரம் திருப்பித்தான் ஆக வேண்டும். திருப்பினால் மாத்திரை வேளை இரவு ஏழாகிவிடும். நான் அதைச் சொல்ல மறந்துவிட்டேன். மகள் சொல்லியிருப்பார்.

நவம்பர் 4, செவ்வாய் – வானில்

நேற்றிரவு 10.30க்கு நகர்ந்து, கென்னடியின் நீண்ட வரிசையில் நின்று, 10.58க்கு மேலெழுந்தோம். வந்த வழியே திரும்பினால் பசிபிக் காற்றை நெஞ்சில் வாங்க வேண்டும். ஆகவே விமானம் திரும்பாமல், வந்த திசையிலேயே, கிழக்கே, அட்லாண்டிக் கடலுக்கு மேல் சென்றது. இரு நகரங்களும் உருண்டையின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால் மட்டுமே சாத்தியமான வசதி இது. போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. இரண்டு முறையும் காற்று முதுகில். சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே பறப்பவர்களுக்கு இப்படி வாய்க்காது. ஒரு பக்கம் பெறுவதை மறுபக்கம் கொடுத்தே ஆக வேண்டும்.

நான்கு மணி இருபது நிமிடத்தில், நடு அட்லாண்டிக்கைத் தாண்டியதும், செவ்வாய்க்கிழமை விடிந்தது. அயர்லாந்து, இங்கிலாந்து, ஜெர்மனி என்று வரைபடம் நகர்ந்தது. உக்ரைனைத் தவிர்த்து ருமேனியா வழியாகக் கருங்கடல். அதன் பின் ஜார்ஜியா, அஜர்பைஜான். வடக்கே ரஷ்யா, தெற்கே ஈரான். இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து போலத்தான் இந்த வான்வழி கிடக்கிறது. எதிர்த்திசையில் வரும் விமானங்களின் வெள்ளைக் கோடுகளை ஜன்னலில் இவ்வளவு நெருக்கமாக நான் பார்த்ததில்லை. பூமியின் வடிவம் தீர்மானித்த தூரத்தை அரசியல் திருத்தி எழுதுவதை மேலிருந்து பார்க்க வேண்டுமானால் இந்தச் சந்துதான் இடம்.

அங்கேயே, புறப்பட்டுப் பத்து மணி நேரம் கடந்த நிலையில், சூரியன் மறைந்தது. செவ்வாய்க்கிழமைக்குப் பகல் ஐந்தே முக்கால் மணி நேரம்தான். காஸ்பியன் கடலை இருட்டில் கடந்தோம். இந்தியாவுக்கு மேல் வந்தபோது அங்கே நள்ளிரவை நெருங்கிக்கொண்டிருந்தது. ஊர்களின் விளக்குகள் முடிவே இல்லாமல் வந்துகொண்டிருந்தன, பிறகு ஒரு கோட்டில் சட்டென நின்றன. வங்காள விரிகுடா.

நவம்பர் 5, புதன் – சிங்கப்பூர்

காலை 5.48க்குத் தரையிறக்கம், 6.02க்கு நிறுத்துமிடம். பறந்த நேரம் பதினேழு மணி ஐம்பது நிமிடம், பிளாக் டைம் பதினெட்டு மணி முப்பத்திரண்டு நிமிடம், திரை காட்டிய தூரம் சுமார் 16,700 கிலோமீட்டர். போக வர இரண்டையும் சேர்த்தால் 33,300. பூமத்திய ரேகையின் சுற்றளவான 40,075ஐவிடக் குறைவுதான் என்றாலும், 360 தீர்க்கரேகைகளையும் கடந்துவிட்டேன். உலகைச் சுற்றி வந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பெட்டிக்குக் காத்திருந்த நேரத்தில் ஒரு கணக்கைப் போட்டேன். மெகல்லனின் கப்பல்களில் எஞ்சிய விக்டோரியா, உலகைச் சுற்றிவிட்டு 1522 ஜூலையில் கேப் வெர்டே தீவுகளை அடைந்தபோது, கப்பலின் நாட்குறிப்பில் புதன்கிழமை; கரையில் வியாழக்கிழமை. ஒரு நாள் கூட விடாமல் எழுதி வந்த பிகஃபெட்டா குழம்பிப்போனார். அவர்கள் சூரியனோடு சேர்ந்து மேற்கே போனதால் ஒரு சூரியோதயம் குறைந்துவிட்டது. நான் இரண்டு முறையும் கிழக்கே போயிருக்கிறேன். எனக்கு ஒன்று கூடியிருக்க வேண்டும்.

விரல் விட்டு எண்ணினேன். சென்ற புதன் இரவு இங்கிருந்து நகர்ந்ததிலிருந்து இன்று காலை வரை 150 மணி 27 நிமிடம். அந்த நேரத்தில் சிங்கப்பூரில் இருந்தவர்கள் வியாழன் முதல் செவ்வாய் வரை ஆறு சூரியோதயங்களைக் கண்டிருப்பார்கள். எனக்கு ஜப்பானுக்குத் தெற்கே ஒரு வியாழன், நியூயார்க்கில் இன்னொரு வியாழன், பிறகு வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், அட்லாண்டிக் மேல் செவ்வாய். ஏழு.

பெட்டி வந்தது. 6.45 ஆகியிருந்தது. வெளியே வந்தபோது கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. எட்டாவதைப் பார்த்துவிட்டே வண்டி ஏறினேன்.